பாஸிடம் கேளுங்கள்: ஊரில் எடுக்கும் வான் நுவரெலியாவில் ஏன் எடுக்கவில்லை?

கேள்வி: அண்ணன், என்னுடையது பழைய டொயோட்டா டொல்பின் வான், 3எல் டீசல் இன்ஜின். பள்ளிக்கூட விடுமுறைக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு செங்கலடி, மகா ஓயா, பிபிலை, பதுளை வழியாக நுவரெலியாவுக்கு ஹயர் போனேன். விடியற்காலையில் ஸ்டார்ட் வரவேயில்லை. அடிக்க அடிக்க வெள்ளைப் புகைதான். கடைசியில் ஹயர் வந்தவர்களே இறங்கித் தள்ளினார்கள். ஊருக்கு வந்த பிறகு காலையில் ஒரே அடியில் எடுக்கிறது, கொஞ்ச நேரம் மட்டும் நடுங்குகிறது. ஒரு பாஸ் நான்கு ஹீட்டர் பிளக்கையும் மாற்று என்கிறார். இன்னொருவர் இன்ஜினையே பிரித்துச் செய்யச் சொல்கிறார். யார் சொல்வது சரி? – வான் சாரதி, களுவாஞ்சிக்குடி

பதில்: தம்பி, சோதித்துப் பார்க்காமல் சொன்னதால் இரண்டு பேருக்கும் இப்போதைக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஆனால் வெள்ளைப் புகை என்று எழுதினீர்களே, அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியத்தான் இல்லை. டீசல் போகவே இல்லையென்றால் புகையும் வராது. அதனால் பம்பையும் பில்டரையும் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

3எல் இன்ஜினில் டீசலைப் பீச்சும் நொசில் பிஸ்டன் தலையில் நேரே அடிப்பதில்லை. ஹெட்டுக்குள் ஒரு சின்ன அறை இருக்கும். அங்கேதான் டீசல் அடிபடும், ஸ்டார்ட் பண்ணுமுன் அந்த அறையைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கின் நுனியும் அங்கேதான் நீட்டிக்கொண்டு நிற்கும். பிஸ்டன் காற்றை 22 மடங்கு அமத்திச் சூடாக்கினாலும், அந்த அறையின் குளிர்ந்த சுவர் சூட்டை இழுத்துவிடும். மட்டக்களப்பில் எவ்வளவு மழைக்குளிர் என்றாலும் விடியற்காலையில் 22, 23 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அந்தச் சூட்டுக்கு ஒன்றிரண்டு பிளக் செத்திருந்தாலும் இன்ஜின் எடுத்துவிடும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். தை மாதத்தில் புல்லில் உறைபனி விழும் காலைகளும் உண்டு. காற்றும் அடர்த்தி குறைவு, அமத்தினாலும் இங்கே போல் சூடு ஏறாது. எங்கள் பக்கத்து வான்களில் செத்த பிளக் வருடக்கணக்கில் ஒளிந்து கிடப்பது இதனால்தான். ஊரில் கொஞ்ச நேரம் நடுங்கி ஓடுகிறது என்கிறீர்கள். ஒன்றோ இரண்டோ சிலிண்டர் சூடு ஏறும்வரை எரியாமல் நிற்பதன் அடையாளம் அது.

டாஷ்போட்டில் ஹீட்டருக்கான சுருள் லைட் ஒழுங்காகப் பற்றி அணைகிறதே என்று கேட்பீர்கள். அந்த லைட்டை நான் ஒருநாளும் நம்புவதில்லை. அதை அணைப்பது டைமர். நான்கு பிளக்கும் செத்திருந்தாலும் அது அழகாகப் பற்றி, அழகாக அணையும்.

சோதிப்பதற்கு ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லைட் போதும். சீட்டைத் தூக்குங்கள். நான்கு பிளக்கின் தலையையும் இணைத்து ஒரு உலோகப் பட்டி ஓடும். முதலில் அதைக் கழற்றாமல், லைட்டின் கிளிப்பை இன்ஜினில் எர்த்தாகப் பிடித்து, முனையைப் பட்டியில் வையுங்கள். இன்னொருவர் சாவியை ஓனுக்குத் திருப்பட்டும். லைட் பற்றவில்லையென்றால் பிளக்குகளில் பிழை இல்லாமலும் இருக்கலாம். ரிலே, பெரிய பியூஸ், டைமர் என்று பின்னால் தேடிப் போக வேண்டும். பற்றினால் சாவியை ஓஃப் பண்ணிவிட்டு, நட்டுகளைக் கழற்றிப் பட்டியைத் தூக்குங்கள். இப்போது கிளிப்பைப் பெட்டரியின் பொசிட்டிவ்வில் மாட்டி, முனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வையுங்கள். பற்றாத பிளக்கின் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. மீட்டர் இருந்தால் ஓமில் பாருங்கள், நல்ல பிளக் ஏறக்குறைய ஒரு ஓம் காட்டும்.

பட்டியைக் கையில் எடுத்ததும் அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கல்லடி, நாவலடிப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வான்களில் நட்டு உட்காரும் இடத்தைச் சுற்றிக் களிம்பு பிடித்திருக்கும். நகத்தால் சுரண்டினால் மாவாகக் கொட்டும். சாதாரண லைட்டைப் பற்றவைக்கும் அளவுக்கு அதற்குள்ளால் கரண்ட் போகும், ஒரு பிளக்குக்குத் தேவையான 10 அம்பியர் போகாது. எமரி பேப்பரால் பட்டியையும் பிளக் தலையையும் பளபளவென்று தேய்த்துத் திரும்பப் பூட்டுங்கள். சில வான்களுக்கு அதோடு வேலை முடிந்துவிடும். பெட்டரி முனைகளையும் இன்ஜின் எர்த் வயரையும் அதே கையோடு சுத்தம் செய்துவிடுங்கள். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் புதுப் பிளக் போட்டும் பயனில்லை.

பிளக்கைக் கழற்றுவதுதான் கவனம் வேண்டிய வேலை. முதல் நாள் இரவே அடியில் துருநீக்கி எண்ணெய் விட்டு, மறுநாள் இன்ஜினை ஓடவிட்டு, சூட்டோடு கழற்றுங்கள். இறுகினால் பலம் காட்ட வேண்டாம். கொஞ்சம் தளர்த்தி, திரும்பக் கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்த வேண்டும். நுனி வீங்கிய பிளக் துளையால் வராமல் உள்ளேயே முறிந்தால் ஹெட்டைக் கழற்ற நேரிடும். வெளியே வந்த பிளக்கின் நுனி உருகியோ அரித்தோ இருந்தால் அந்தச் சிலிண்டரின் நொசிலைச் சோதிக்கக் கொடுங்கள். ஒழுகும் நொசில் புதுப் பிளக்கையும் தின்றுவிடும். நான்கும் வெளியே இருக்கும்போது அந்தத் துளைகளிலேயே மீட்டர் பூட்டிக் கம்பிரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அமத்தும் அழுத்தம், பார்க்கலாம். இன்ஜின் செய்ய வேண்டுமா என்ற கேள்விக்கு விடை அந்த மீட்டரில்தான். பாஸின் வாயை மட்டும் நம்பி இன்ஜினைப் பிரிக்க வேண்டாம்.

இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஸ்டார்ட் வராவிட்டால் காற்றுக்குழாயில் ஸ்பிரே அடிப்பது, பெட்ரோல் துணி பிடிப்பது இந்த இன்ஜினுக்கு ஆகாது. ஹீட்டர் வேலை செய்யும் நேரத்தில் அப்படிச் செய்தால் நேரம் வருவதற்கு முன்னமே வெடித்துப் பிஸ்டன் உடையும். தள்ளி எடுப்பதும் நல்லதல்ல. 3எல்லில் வால்வுகளை ஓட்டுவது டைமிங் பெல்ட். 100,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதைப் பலர் மாற்றுவதில்லை. பழைய பெல்ட்டில் கியரைப் போட்டு உலுக்கினால் பல் தாண்டும், பிறகு வால்வு வளையும்.

கேள்வி: பாஸ், ரிலே பழுதென்று என் டவுன்ஏஸில் சிவப்புப் பட்டன் ஒன்று வைத்துத் தந்திருக்கிறார்கள். அமத்தினால் ஹீட்டர் வேலை செய்யும். எவ்வளவு நேரம் அமத்த வேண்டும்? – அக்கரைப்பற்று வாசகர்

பதில்: நேரத்தைச் சொல்வதற்கு முன் பிளக்கின் உடம்பைப் பாருங்கள், வோல்ட் எழுதியிருக்கும். டொயோட்டாவில் 11 வோல்ட் பிளக்கும் உண்டு, 6 வோல்ட் பிளக்கும் உண்டு. 6 வோல்ட் பிளக்குக்குப் பட்டன் வழியாக 12 வோல்டை நேரே கொடுத்தால் சில செக்கனில் எரிந்துவிடும். அப்படியென்றால் பட்டனைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய ரிலே முறைக்கே திரும்புங்கள். 11 வோல்ட் என்றால் நம் ஊரில் 5 செக்கன், மலையில் 10 முதல் 15 செக்கன். சூடான இன்ஜினுக்குத் தொடவே வேண்டாம்.

பட்டனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். நான்கு பிளக்கும் சேர்ந்து 40 அம்பியருக்கு மேல் இழுக்கும். பல இடங்களில் ஒரு ஹோர்ன் ரிலேயும் ரேடியோ வயரும்தான் கிடக்கும். அமத்திவிட்டு வயரைத் தொட்டுப் பாருங்கள், கை சுட்டால் அது வயரிங் அல்ல, தீக்குச்சி. தடித்த வயர், பெரிய ரிலே, பெட்டரிப் பக்கத்தில் பியூஸ், இந்த மூன்றும் இல்லாமல் அந்த வானில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்.

கேள்வி: காலையில் எவ்வளவு அடித்தாலும் எடுக்காது, புகையும் இல்லை. பில்டருக்கு மேல் இருக்கும் கைப்பம்பை அமத்தி இறுகிய பிறகு அடித்தால் உடனே எடுக்கிறது. புது ஹீட்டர் பிளக் போட்டும் சரிவரவில்லை. – வாழைச்சேனை வாசகர்

பதில்: பிளக்குக்குக் கொடுத்த காசு வீண். இரவில் எங்கேயோ காற்று இழுத்து டீசல் டாங்கிக்குத் திரும்பி ஓடுகிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தக் கைப்பம்பையே, பழையதில் உள்ளே இருக்கும் ரப்பர் வெடித்திருக்கும். பம்புக்குப் போகும் குழாயில் ஒரு துண்டு உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் போட்டுப் பாருங்கள், குமிழ் ஓடுவது தெரியும். நொசில்களுக்கு மேலால் ஓடும் ரிட்டர்ன் குழாய்களையும் மாற்றிவிடுங்கள், பெரிய விலை இல்லை. கைப்பம்ப் இறுகியும் எடுக்காத காலை வந்தால், சாவியைத் திருப்பும்போது டீசல் பம்பில் டீசலைத் திறந்துவிடும் சொலினொய்ட்டில் ‘டிக்’ என்று கேட்கிறதா என்று காதை வைத்துப் பாருங்கள். கேட்கவில்லையென்றால் அதற்குப் போகும் வயரிலிருந்து தொடங்குங்கள்.