கலைக்கல்வி முதுகலை: இருபது கான்வாஸ் போதுமா?

வணக்கம் ஐயா,

கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் பி.எஃப்.ஏ. (கவின்கலை இளங்கலை) ஓவியம் முடித்தேன். இப்போது சேரன்மகாதேவி பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை ஓவிய வகுப்பு எடுக்கிறேன். கலைக்கல்வியில் முதுகலை படிக்க ஆசை. வீட்டில், “ஒண்ணு பி.எட். முடி, இல்ல எம்.எஃப்.ஏ. (கவின்கலை முதுகலை) ஓவியமே படி, அதென்ன கலைக்கல்வி?” என்கிறார்கள். கையில் இருபது கான்வாஸ் படங்கள் இருக்கின்றன. அவை போதுமா? எங்கே சேரலாம்? வேலை கிடைக்குமா?

வாசகி, அம்பாசமுத்திரம்

அன்புள்ள வாசகிக்கு,

இருபது கான்வாஸ் எம்.எஃப்.ஏ. ஓவியத்துக்குப் போதும். கலையைக் கற்பிப்பது எப்படி என்று படிக்கும் கலைக்கல்விக்குப் போதாது. நீங்கள் வரைவீர்கள் என்பதை அவை காட்டும். ஒரு பிள்ளை எப்படி வரைகிறது என்று நீங்கள் கவனித்ததற்கு அவற்றில் சாட்சி இல்லை. நேர்காணலில் உங்களைத் தனித்துக் காட்டப்போவது அந்தச் சாட்சிதான். அதைச் சேர்க்க ஒரு கல்வியாண்டு வேண்டும். உங்கள் வகுப்பறையிலேயே அது கிடைக்கும் என்பதால் அவசரப்பட்டு வேலையை விட்டுவிடாதீர்கள்.

ஆறாம் வகுப்பில் ஆறு பிள்ளைகளைத் தேர்ந்தெடுங்கள். நன்றாக வரைகிறவர்கள் இருவர், நடுத்தரமாக இருவர், “எனக்கு வரைய வராது டீச்சர்” என்று தாளை மூடிவைக்கிறவர்கள் இருவர். ஜூன், நவம்பர், மார்ச் மூன்று மாதமும் ஒரே தலைப்பைக் கொடுங்கள். ‘ஆத்துல குளிக்கிறவங்க’ நல்ல தலைப்பு, தாமிரபரணிக் கரைப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சிலர் ஆற்றை மேலிருந்து பார்த்ததுபோல் ஒரு பட்டையாகப் போட்டு, இரு கரையிலும் நிற்கிறவர்களை இரண்டு பக்கமும் படுக்கவைத்ததுபோல் வரைவார்கள். அதைப் பிழை என்று திருத்திவிடாதீர்கள். பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியை ஆராய்ந்த கலைக்கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் வகுத்த படிநிலைகளில் ஏறத்தாழ ஏழு முதல் ஒன்பது வயதுக்குரிய பார்வை அது. ஆறாம் வகுப்பிலும் சிலரிடம் தங்கியிருக்கும். பக்கத்துப் பிள்ளையோ உருவங்களை ஒன்றன்பின் ஒன்றாக மறைத்து வரையத் தொடங்கியிருக்கும். இப்படி மறைத்து வரையத் தொடங்கும் வயதில்தான் தன் படம் நிஜம்போல் இல்லை என்பது பிள்ளைக்குத் தெரியவருகிறது. தாளை மூடுவது சோம்பலால் அல்ல, இந்தக் கூச்சத்தால். நாம் கரும்பலகையில் ஒரு படத்தை வரைந்து ‘இதைப் பார்த்து வரை’ என்றால் கூச்சம் இன்னும் இறுகும்.

ஒவ்வொரு படத்தோடும் பிள்ளையின் வயது, நீங்கள் சொன்ன கட்டளை அப்படியே, கொடுத்த பொருள், எடுத்த நிமிடங்கள், எங்கே அழித்தது, என்ன கேட்டது என்பதை எழுதிவையுங்கள். பத்தாவது நிமிடம், இருபத்தைந்தாவது நிமிடம், முடிவில் என மூன்று புகைப்படம். முகம் வேண்டாம், கையும் தாளும் போதும். பெற்றோரிடமும் தலைமையாசிரியரிடமும் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

களிமண் வகுப்பு ஒன்றையும் பதிவாக்குங்கள். காருகுறிச்சி உங்களுக்குப் பக்கம்தான், குயவர்களிடம் பிசைந்த மண்ணாகவே கேளுங்கள். தலைக்கு அரைக்கிலோ, நாற்பது பேருக்கு இருபது கிலோ. ஈரச்சாக்கு சுற்றி, மேலே பாலித்தீன் போட்டு வையுங்கள். கனம் எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இருக்கட்டும், மெலிந்த இடம் முதலில் சுருங்கி வெடிக்கும். காதையோ கைப்பிடியையோ ஒட்டும்போது இரண்டு பரப்பையும் கீறி, மண்கூழ் தடவி அழுத்தவேண்டும், இல்லையென்றால் காய்ந்ததும் கழன்றுவிடும். வெயிலில் வைத்தால் மேல்புறம் முந்திக் காய்ந்து விரிசல் விடும், நிழலில் ஒரு வாரம் வையுங்கள். நாற்பது நிமிட வகுப்பில் மண் பங்கிட ஐந்தும் கை கழுவ எட்டும் போய்விடும். மிச்சம் இருபத்தேழு. பாடத்திட்டக் குறிப்பை இந்தக் கணக்கோடு எழுதினால், வகுப்பில் நின்றவர் எழுதியது என்று படிக்கிறவருக்குத் தெரியும்.

உங்கள் சொந்தப் படங்களில் பன்னிரண்டைத் தேர்ந்தெடுங்கள், கல்லூரி எண்ணிக்கை சொன்னால் அதன்படி. புகைப்படம் பார்த்து வரைந்த நடிகர் முகங்களை எடுத்துவிடுங்கள். திண்ணை நிழலில், ஃபிளாஷ் இல்லாமல், கேமராவைப் படத்துக்கு நேர் இணையாகப் பிடித்து எடுங்கள். சாய்த்துப் பிடித்தால் சதுரம் சரிவகமாகிவிடும். அடித்தல் திருத்தலோடு ஒரு ஸ்கெட்ச் புத்தகமும் இருக்கட்டும்.

விண்ணப்பத்தில் ஆய்வு விருப்பத்தை ‘கலையின் முக்கியத்துவம்’ என்று எழுதினால் யாரும் இரண்டாம் பத்திக்குப் போகமாட்டார்கள். திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துச் சுவரோவியங்கள் கதையைக் காட்சி காட்சியாக அடுக்கும் முறையை வைத்து ஏழாம் வகுப்புக்குப் படக்கதை கற்பிப்பது எப்படி என்று கேளுங்கள். பத்தமடைப் பாயில் கோரையின் நிறப்பட்டைகள் ஒழுங்காக மாறிவருவதைக் கொண்டு வடிவமைப்புப் பாடம் அமைக்கலாமா என்பதும் நல்ல கேள்வி.

சேருமிடம். டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் கலைக்கல்விக்கென்றே தனித்துறை உண்டு, எம்.எஃப்.ஏ. இரண்டாண்டு. கல்விப் பக்கமிருந்து வர நினைத்தால் பெங்களூர் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. கல்வி இருக்கிறது. குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகையும் தருகிறார்கள். சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கும் முதுகலை படைப்புப் பக்கம் சார்ந்தது. பி.எட். பற்றி வீட்டில் சொல்கிறார்களே, பணம் கட்டுமுன் பி.எஃப்.ஏ. அதற்குத் தகுதிப் பட்டமா என்று விதிமுறையில் பாருங்கள்.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். தமிழக அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் பணிக்கு இந்த முதுகலை கட்டாயமில்லை, அதனால் மட்டும் பணி கிடைத்துவிடாது. கல்லூரியில் உதவிப் பேராசிரியராக முதுகலையில் 55 விழுக்காடும் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. நெட்டில் உங்கள் பாடம் காட்சிக்கலை. முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். படிக்கும்போதே கலை வரலாற்றைத் தனியாகப் படித்துவாருங்கள், ஓவியம் முடித்தவர்கள் இடறுவது அங்கேதான்.

வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர இடப்பெயர்வுச் சான்றிதழ் கேட்பார்கள். உங்கள் பட்டம் தந்த பல்கலைக்கழகத்தில் அதற்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். சேர்க்கை வாரத்தில் ஓடினால் கைக்கு வராது.