பேராதனையில் தற்காலிக விரிவுரையாளர் வேலை: ஆசிரியர் பதவியை விடலாமா?

கேள்வி: புவியியல் சிறப்புப் பட்டத்தில் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு எடுத்தேன். நான்கு வருடமாகப் பொகவந்தலாவைப் பக்கம் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தற்காலிக உதவி விரிவுரையாளராக வரலாம் என்கிறார்கள். இராஜினாமா செய்துவிட்டுப் போகலாமா?

பதில்: இராஜினாமாக் கடிதத்தை இப்போது எழுதாதீர்கள், தங்கை. தற்காலிக நியமனம் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் முடிந்துவிடும். சிலருக்கு நீடிக்கும், சிலருக்கு நீடிக்காது. அதிலிருந்து நிரந்தரப் பதவிக்குத் தானாகப் போகிற வழி கிடையாது. நிரந்தர இடத்துக்கு விளம்பரம் வரும்போது நீங்களும் மற்றவர்களைப் போலப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அரச ஊழியர் என்பதால் அந்த விண்ணப்பம் அதிபர், வலயக் கல்விப் பணிமனை ஊடாகத்தான் போகும். சம்பளமற்ற லீவு எடுக்க இடம் உண்டா என்பதையும் அங்கேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இதைவிட முக்கியமானது நீங்கள் செய்ய வேண்டிய முதுமாணி, அதாவது முதல் பட்டத்துக்கு அடுத்த பட்டம். தகுதிகாண் விரிவுரையாளராக, அதாவது நிரந்தர இடத்தில் பதவி உறுதியாகுமுன் இருக்கும் விரிவுரையாளராகச் சேர, உங்கள் மேற்பிரிவு போதும். ஆனால் பதவி உறுதியாகி சிரேஷ்ட விரிவுரையாளராக வேண்டுமென்றால், பட்டப்பின் பட்டத்தை எட்டு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். அது ஆய்வேடு எழுதிப் பெற்றதாக, இரண்டு வருடப் படிப்பாக இருக்க வேண்டும். வார இறுதியில் போய் ஒரே வருடத்தில் பாடங்களை மட்டும் முடிக்கிற முதுமாணி இதற்கு உதவாது. நம்முடைய பிள்ளைகள் பலர் இதைத் தெரியாமல் கடன்பட்டுக் கட்டணம் கட்டி, பிறகு மனமுடைந்து வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பதியுமுன் ஆய்வேடு உண்டா, எத்தனை வருடம் என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். தற்காலிக வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும், இந்தப் பதிவு முதலில் நடக்கட்டும்.

அப்புறம் நேர்முகத்தேர்வு. பெரும்பாலும் ஒரு சின்ன விரிவுரை நடத்தச் சொல்வார்கள். நான் இருந்த குழு ஒன்றில் ஒருவர் நாற்பது ஸ்லைடுகளைத் திரையைப் பார்த்தபடியே வாசித்தார். அடுத்து வந்த பெண் பலகையில் தேயிலை மலையின் குறுக்குவெட்டு ஒன்றை வரைந்தார். மேலே மண், கீழே பாறை, நடுவே மழைநீர் இறங்கும் கோடு. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் எந்த இடத்தில் இருந்தால் மண்சரிவில் அகப்படும் என்று சுண்ணக்கட்டியால் ஒரு புள்ளி வைத்தார். அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. நான்கு வருடம் வகுப்பில் நின்ற உங்களுக்கு இது கைவந்த வேலை. பயப்படாதீர்கள். ஆனால் ஆங்கிலத்திலும் அதை விளக்கிப் பழகுங்கள். ஆய்வு வாசிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, பல பீடங்களில் படிப்பிப்பதும் ஆங்கிலத்தில்தான்.

இன்னொரு கதவும் இருக்கிறது. பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் விரிவுரையாளர்களாக இருப்பவர்கள் ஆசிரியர் கல்வியியலாளர் சேவையைச் சேர்ந்தவர்கள். அதற்கு வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவார்கள், போட்டிப் பரீட்சை உண்டு. அரச சேவையை விட்டு வெளியேறவே தேவையில்லை. மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களை உருவாக்குகிற இடம் அது. பல்கலைக்கழகத்தைவிட ஒரு படி கீழே என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

லீவு எழுத்தில் கிடைத்து, முதுமாணிப் பதிவும் கையில் இருந்தால், சரி, பேராதனைக்குப் போங்கள். லீவு கிடைக்காவிட்டால், வருகைதரு விரிவுரையாளராக வார இறுதி வகுப்பு ஏதும் தர முடியுமா என்று துறைத் தலைவரிடம் கேட்டுப் பாருங்கள்.