எல்.கே.ஜி. பையனுக்குக் கையெழுத்து வகுப்பு தேவையா?

கேள்வி: என் மகனுக்கு மூன்றே முக்கால் வயது. மதுரை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பள்ளியில் எல்.கே.ஜி. படிக்கிறான். இந்த வாரப் பாடம் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். காய்கறிகளின் பெயர், ஒரு பாட்டு, அ, ஆ எழுதுதல், ஏ முதல் எஃப் வரை எழுதுதல், 1 முதல் 10 வரை எழுதுதல். காய்களின் பெயரைச் சொல்கிறான், பாடுகிறான். பென்சிலைத் தொட மாட்டேன் என்கிறான். டைரியில் ‘கவனம் தேவை’ என்று எழுதி, பக்கத்தில் நடக்கும் ஃபோனிக்ஸ் (எழுத்தின் ஒலி), கையெழுத்து வகுப்பின் போன் நம்பரையும் கொடுத்திருக்கிறார்கள். சேராவிட்டால் ஒன்றாம் வகுப்புக்குப் பெரிய பள்ளியில் இடம் கிடைக்காதாம். சேர்த்துவிடட்டுமா?

பதில்: வேண்டாம். முன்பணம் கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

அந்தத் தாளில் உள்ள ஐந்தில் அவன் வயதுக்கு உரியவை காய்கறியும் பாட்டும்தான். இரண்டையும் அவன் செய்கிறான். மற்ற மூன்றும் எல்.கே.ஜி. தாளில் இருப்பதே தப்பு. பொதுவாக மூன்று வயதில் பார்த்து வட்டம் போட வரும். நான்கை ஒட்டிக் கூட்டல் குறி வரும், நாலரை வாக்கில் சதுரம், ஐந்து வாக்கில் முக்கோணம். இப்போது நீங்களே ஒரு ‘அ’ எழுதிப் பாருங்கள். சுழித்து, வளைத்து, குறுக்கே இழுத்து, நெட்டுக்கோடு போட்டு முடிக்க வேண்டியிருக்கிறது. கூட்டல் குறியே இன்னும் பிடிபடாத கையிடம் இதைக் கேட்கிறார்கள். மணிக்கட்டில் இருக்கும் எட்டு எலும்புகளில் பல இந்த வயதில் வெறும் குருத்தெலும்பு. பென்சிலைத் தள்ளுவதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். அது கை நோவாகவும் இருக்கலாம்.

வீட்டில் பூக் கட்டுவீர்கள் என்றால் பக்கத்தில் உட்காரவைத்து, மல்லிகை மொட்டுகளை இரண்டிரண்டாக எடுத்து உங்கள் கையில் வைக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, மொட்டு நசுங்காமல் காம்பைப் பிடிக்க வேண்டும். நாளைக்குப் பென்சில் பிடிக்க வேண்டிய பிடி அதுதான். ஜோடி என்பதும் கூடவே வந்துவிடும்.

எண்ணும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக் குழந்தை நூறு வரை ஒப்பிக்கிறதா? அதன் முன்னால் ஏழு புளியங்கொட்டையை வையுங்கள். தொட்டுத் தொட்டு எண்ணி முடித்ததும், “மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். உங்கள் பையன் ஐந்து கொட்டையை எண்ணி “அஞ்சு” என்று சொன்னாலே இந்த வருஷத்துக்குப் போதும்.

காய்கறிக்கு மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு ஒரு நாள் கூட்டிப்போய்ப் பாகற்காயையும் சுரைக்காயையும் தடவிப் பார்க்க விடுங்கள், தாளில் இருப்பதைவிட அதிகம் படித்துவிடுவான்.

சரி, அந்த போன் நம்பர். பள்ளி டைரியில் தனியார் வகுப்பின் நம்பர் வருகிறது என்றால், யாருக்கோ அதில் கமிஷன் இருக்கிறதா என்று நீங்கள் தாராளமாகச் சந்தேகப்படலாம். எழுத்தின் ஒலியைக் கற்றுக்கொள்வது நல்ல விஷயம்தான், ஐந்து, ஆறு வயதில். ஆனால் இந்த வகுப்புகள் விற்பது பையும் சான்றிதழும் ‘லெவல்’ என்று ஒரு ஏணியும். மாதாமாதம் கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கட்டுங்கள் என்பார்கள்.

ஒன்றாம் வகுப்பு மிரட்டலும் வெற்று மிரட்டல். 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவு, சேர்க்கையின்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைக்கக்கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையிலும், அப்புறம் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம். பெரிய பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பு இடங்கள் பெரும்பாலும் அவர்களுடைய யு.கே.ஜி. பிள்ளைகளை வைத்தே நிரம்பிவிடுகின்றன. நாலு வரி எழுதத் தெரிந்ததால் யாரும் உள்ளே போவதில்லை. “சீட் வாங்கித் தருகிறேன்” என்று அடுத்து ஒருவர் வருவார், அவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுத்துவிடாதீர்கள்.

இதையெல்லாம் கேட்க வேண்டியவர்கள் கேட்பதில்லை. ஆய்வுக்கு வந்தால் கட்டடச் சான்று, தீயணைப்புச் சான்று, வேனுக்கு எஃப்.சி. பார்த்துவிட்டுப் போகிறார்கள். மூன்று வயதுப் பிள்ளையின் நோட்டைத் திறந்து பார்த்த அதிகாரியை நான் கண்டதில்லை. மழலையர் வகுப்புக்குப் பையே கூடாது, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் கூடாது என்று 2020-லேயே மத்திய அரசின் பள்ளிப்பைக் கொள்கை சொல்லிவிட்டது. காலையில் வேன் ஏறும் பிள்ளைகளின் முதுகைப் பாருங்கள், அந்தக் கொள்கை எங்கே இருக்கிறது என்று தெரியும். வகுப்பு ஆசிரியையைத் திட்டாதீர்கள். நோட்டு காலியாக இருந்தால் சண்டைக்கு வருவது பெற்றோர்தான், சொற்பச் சம்பளத்தில் அதற்கும் அவரே பதில் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். காது. பாட்டுப் பாடுகிறான் என்கிறீர்கள். சொற்களோடு பாடுகிறானா, ராகத்தை மட்டும் இழுக்கிறானா? அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். வலி இருக்காது. பாதி சத்தம்தான் உள்ளே போகும், அதுவும் ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் கேட்காது. அதனால் வகுப்பில் ‘கவனமில்லாத பையன்’ என்று பெயர் வாங்கிவிடுவான். அவன் விளையாடிக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று, மெதுவான குரலில் அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாள், வேறு வேறு நேரத்தில். டிவி சத்தத்தைக் கூட்டுகிறானா, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறானா என்றும் பாருங்கள். சந்தேகம் வந்தால் பெரியாஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். பணம் கட்ட வேண்டாம். காத்திருக்க வேண்டியிருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். வகுப்புக்குக் கட்ட நினைத்த பணத்தில் ஆட்டோவுக்குக் கொஞ்சம் போதும்.

காதில் ஒன்றுமில்லை என்று தெரிந்தால், டைரியில் அந்தக் குறிப்புக்குக் கீழே, “வீட்டில் கைவிரல் வேலைகள் செய்துவருகிறோம், ஐந்து வயதுக்கு முன் எழுத வற்புறுத்த வேண்டாம்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.