பதில்: பழைய செங்கல் சுவருக்கு எந்தச் சாந்து?

வணக்கம். பிலடெல்பியாவில் 1850களில் கட்டப்பட்ட வீட்டின் செங்கல் இடுக்குகளுக்குப் புதுச் சாந்து இட வேண்டிய வேளையில், அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் பழங்கட்டடப் பாதுகாப்புக் கையேடு இணையத்தில் திறக்கவில்லை என்றும், போர்ட்லேண்ட் சிமென்ட்டே போதும் என்று ஒப்பந்ததாரர் சொல்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். அமெரிக்காவில் அந்தச் சிமென்ட்டின் உற்பத்தி 1870களில்தான் தொடங்கியது. ஆகவே உங்கள் சுவரில் முதலில் இட்டது பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தாகவே இருக்கும். சாந்து செங்கல்லைவிட மென்மையாகவும் ஈரத்தை எளிதில் வெளிவிடுவதாகவும் இருக்க வேண்டும் என்பதே அத்துறையின் பழங்கட்டடக் கையேட்டு வரிசையில் இரண்டாம் கையேட்டின் அடிப்படை. கடினமான சிமென்ட்டை இட்டால், வெளியேற வழியில்லாத ஈரமும் சுவரின் அசைவும் செங்கல்லைத் தாக்கி, அதன் முகம் உதிரத் தொடங்கும். உதிர்ந்ததை மீட்க முடியாது.

பழைய சாந்தை, இடுக்கின் அகலத்தைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழத்துக்கு எடுக்கச் சொல்லுங்கள். அதில் ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பினால், அமிலத்தில் சுண்ணாம்பு கரைந்து மணல் மிஞ்சும். நிறத்திலும் பருமனிலும் அதையொத்த மணலைத் தேடலாம். (கிளிஞ்சல் துகள் கலந்திருந்தால் அதுவும் கரைந்துவிடும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.)

2013 அக்டோபரில் நிதி ஒப்புதல் இல்லாமல் அமெரிக்க அரசின் பணிகள் முடங்கியபோதும் அத்துறையின் இணையதளம் மூடப்பட்டது. இன்றியமையாத கையேடுகளை இணையத்தை மட்டும் நம்பி விட்டுவைக்காமல், தரவிறக்கி அச்சிட்டு வேலையிடத்தில் வைப்பது நம் தொழிலில் கட்டாயம் என்றே கருதுகிறேன். இப்போதைக்கு, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் பழைய முகவரியை இட்டுப் பாருங்கள். அரசு வெளியீடுகளைச் சேமிக்கும் நூலகங்களிலும் விசாரியுங்கள். அதுவரை சாந்து வேலையை நிறுத்திவைக்கலாம்.