எக்சோசோம் ஊசி போட்டால் கரு தங்குமா?

கேள்வி: டொக்டர், எனக்கு வயது 34. களுவாஞ்சிகுடியில் வசிக்கிறோம். திருமணமாகி ஏழு வருடங்கள். கடந்த வருடம் கொழும்பில் ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் குழந்தை) சிகிச்சை செய்து முளையம் வைத்தும் கரு தங்கவில்லை. கருப்பைக்குள் எக்சோசோம் ஊசி போட்டால் கரு பிடிக்கும் என்ற விளம்பரமொன்றை வெளிநாட்டிலுள்ள மச்சாள் அனுப்பியிருக்கிறார். பல லட்சம் செலவாகும். செய்யலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. ஆனால் எக்சோசோம் கற்பனைப் பொருளல்ல. அதனாலேயே அந்த விளம்பரம் நம்பும்படியாக இருக்கிறது.

உடற்கலங்கள் மென்சவ்வு சூழ்ந்த நுண்பைகளை இடையறாது வெளியே விடுகின்றன. அவற்றுள் சிறியவையான எக்சோசோம்கள் ஏறத்தாழ 30 முதல் 150 நனோமீற்றர் வரையானவை. ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரம் பங்காக்கினால் வரும் ஒரு பங்களவு என்று கொள்ளலாம். புரதமும் கொழுப்பும், மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் நுண்மூலக்கூறுகளான மைக்ரோ ஆர்என்ஏயும் அவற்றில் இருக்கும். ஒரு கலம் விட்ட பையை இன்னொரு கலம் உள்ளெடுத்தால், எடுத்த கலத்தின் செயற்பாடு மாறக்கூடும்.

இனப்பெருக்கத்தில் இதன் பங்கு ஆணிடமே தொடங்குகிறது. விதையிலிருந்து வெளிவரும் விந்தணுவுக்கு நீந்தவும் தெரியாது, முட்டையைத் துளைக்கவும் முடியாது. விதையின் பின்புறத்தில் சுருண்டு கிடக்கும், விரித்தால் ஏறத்தாழ 6 மீற்றர் நீளமான மெல்லிய குழாயைக் கடக்கும்போதுதான் அது முதிர்ச்சியடைகிறது. தானாகப் புதிய புரதம் உருவாக்கும் ஆற்றலை அநேகமாக இழந்துவிட்ட அந்த விந்தணுவுக்குத் தேவையான புரதங்களில் ஒரு பகுதியை, குழாயின் சுவர்க் கலங்கள் நுண்பைகளாக அனுப்பி அதன் மேற்பரப்பில் சேர்க்கின்றன. புரொஸ்டேட் சுரப்பியும் இத்தகைய பைகளை விந்தில் கலக்கிறது. சுவீடன் ஆய்வாளர்கள் 1970களின் பிற்பகுதியிலேயே அவற்றை இனங்கண்டனர். பெண்ணிடத்தில், முட்டையைச் சூழ்ந்த திரவத்திலும், முட்டையைக் கருப்பைக்குக் கொண்டுசெல்லும் பலோப்பியன் குழாயிலும் கருப்பைச் சுரப்பிலும் இவை உண்டு. கருப்பையின் உட்படலம் விடும் மைக்ரோ ஆர்என்ஏ ஒன்றை முளையம் உள்ளெடுப்பதாகவும், எலி முளையங்களில் அது ஒட்டும் திறனைக் கூட்டுவதாகவும் ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டனர்.

விளம்பரக்காரர்கள் பிடித்துக்கொண்டிருப்பது இந்த வகை ஆய்வுகளைத்தான். ஆனால் ஆய்வுகூடத்து எலி முளையத்தில் கண்டதற்கும் உங்கள் கருப்பைக்குள் எதையோ செலுத்துவதற்கும் இடையே கடக்கவேண்டிய தூரம் பெரிது. அந்தப் பைகள் யாருடைய எந்தக் கலத்திலிருந்து எடுக்கப்பட்டவை, அவற்றுக்குள் இருப்பது என்ன, எவ்வளவு கொடுக்கவேண்டும், கிருமி நீக்கப்பட்டதா என்ற கேள்விகளுக்கு அவர்களிடம் எழுத்தில் பதில் கேட்டுப் பாருங்கள். எக்சோசோம் பொருட்களைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரில் பொதுமக்களுக்கு எச்சரிக்கையே விடுத்தது. எந்த நோய்க்கும் தான் அவற்றை அங்கீகரிக்கவில்லை என்றும் அது கூறியது.

அந்தப் பணத்தில் சிறு பங்கைக் கொண்டே செய்யக்கூடியவை இருக்கின்றன. ஐவிஎஃப் செய்த இடத்தில் முழு அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்: எத்தனை முட்டைகள் கிடைத்தன, முளையம் எத்தனையாவது நாளில், எந்தத் தரத்தில் வைக்கப்பட்டது, உறைய வைத்தவை மிச்சம் உண்டா என்பவை அதில் இருக்கவேண்டும். பலோப்பியன் குழாயில் நீர் தேங்கியிருந்தால் அது கருப்பைக்குள் கசிந்து ஐவிஎஃப் வெற்றியைக் குறைக்கும். இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடியும். கருப்பைக்குள் சிறு தசை வளர்ச்சி உண்டா என்பதையும், தைரொய்ட், நீரிழிவு ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் கணவரின் விந்துப் பரிசோதனை பற்றி ஒரு வரிகூட இல்லை. இங்கே பல வீடுகளில் நடப்பதுதான் இது. மனைவிமார் கோப்புக் கோப்பாகக் கொண்டு வருவார்கள், கணவரின் தாளைக் கேட்டால் மௌனம். முன்பு செய்திருந்தாலும் மீண்டும் செய்யச் சொல்லுங்கள். 2 முதல் 7 நாட்கள் உறவு தவிர்த்து எடுக்கவேண்டும். வீட்டில் எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்க்கவேண்டும். பழுதாகிவிடும் என்று சிலர் ஐஸ் வைத்துக் கொண்டு வருகிறார்கள். குளிரில்தான் விந்தணுக்கள் கெடும், சட்டைப்பையில் உடற்சூட்டோடு கொண்டு வந்தால் போதும். அவர் புகைப்பவராக இருந்தால் இன்றே நிறுத்தட்டும். புதிய விந்தணுக்கள் உருவாகி முதிர ஏறத்தாழ மூன்று மாதங்கள் எடுப்பதால், பலன் அதன் பிறகுதான் தாளில் தெரியும். நீங்கள் தினமும் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் எடுத்துக்கொள்ளுங்கள். 35ஐ நெருங்கும் வயதில் காலத்தை வீணாக்காமல், இந்தத் தாள்களுடன் இருவருமாக மகப்பேற்று வைத்திய நிபுணரைச் சந்தியுங்கள்.