பூச்செடி வைரஸ்: கேள்வி பதில்

மானூர்: அண்ணாச்சி, செவ்வந்தி இலையில தேமல் விழுவுது. என்ன மருந்து அடிக்கலாம்?

மருந்தே கிடையாது. வைரஸ் செல்லுக்குள் இருந்துகொண்டு, புரதம் செய்யும் செடியின் கருவியான ரைபோசோமை வைத்தே தன் புரதங்களைச் செய்துகொள்கிறது. செடியைப் பிடுங்கி எரியுங்கள். அதிலிருந்து பக்கக்கன்று எடுக்கவே கூடாது.

வள்ளியூர்: துலிப் பூவில் வரி விழுவதற்கு வைரஸ் காரணம் என்று படித்தேன். வைரஸ் எப்படி நிறத்தை மாற்றும்?

இதை யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். ஹாலந்தில் 1630-களில் பெரும் விலைக்குப் போன வரித் துலிப்புகள் எல்லாம் நோய்ச் செடிகள். இங்கிலாந்தில் டோரதி கேலி என்ற ஆய்வாளர், வரிப்பூக் கிழங்கின் திசுவை ஒற்றை நிறப்பூக் கிழங்கில் ஒட்டி, நோய் தொற்றுவதைக் காட்டினார். அந்த ஆய்வு 1928-இல் வெளியானது.

இந்தத் துலிப் வைரஸின் மரபுத்தொகுதி, டி.என்.ஏ. போன்ற ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறின் ஒற்றை இழை; நீளம் ஏறத்தாழ 10,000 மரபு எழுத்து. செல் அதை ஒரே நீளப் புரதமாக வாசிக்கும். வைரஸின் சொந்த நொதிகள் அதைப் பத்து போலத் துண்டாக்கும். அதில் எச்.சி.-புரோ என்ற துண்டுக்கு இரண்டு வேலை. சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியின் வாயூசியில் வைரஸ் ஒட்டிக்கொள்ள உதவும். செடியின் காவலையும் முடக்கும். செடி, வைரஸ் ஆர்.என்.ஏ.வைப் பொடிப்பொடியாக நறுக்கி, அந்தப் பொடியை அடையாளமாக வைத்து மிச்சத்தைத் தேடி அழிக்கப் பார்க்கும். எச்.சி.-புரோ அந்தப் பொடியையே பிடித்து வைத்துக்கொள்ளும்.

நோய் கண்ட இதழின் மேல்தோலில் சிவப்பு, ஊதா நிறம் தரும் ஆந்தோசயனின் நிறமி ஒரே சீராகச் சேராது. சேராத இடத்தில் அடியிலுள்ள வெள்ளையோ மஞ்சளோ வெளியே தெரியும். ஆகவே வெள்ளை, மஞ்சள் துலிப்பில் வரி விழாது. ஆனால் நோய் இருக்கும், பரப்பவும் செய்யும். எனக்குப் பயம் அந்தச் செடிகள்தான்.

ஆலங்குளம்: கேந்திப் பூ பச்சையாகி இலை மாதிரி விரியுது.

அது வைரஸ் இல்லை, பைட்டோபிளாஸ்மா. பாக்டீரியா வகை. தத்துப்பூச்சி பரப்பும். செடியைப் பிடுங்குங்கள்.

களக்காடு: கனகாம்பரம் வாடுது.

வேரைத் தோண்டிப் பாருங்கள். முடிச்சு இருந்தால் நூற்புழு. வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள்.

பாளையங்கோட்டை: எங்க வீட்டு அந்திமந்தாரையில மஞ்சள் பூவுல சிவப்புப் புள்ளி. பிடுங்கணுமா?

வேண்டாம். அது இடம் மாறும் மரபணுத் துண்டின் வேலை. நிறமி மரபணுவுக்குள் அது குந்தியிருக்கும்வரை சிவப்பு வராது. விலகிய செல்லில் சிவப்பு வரும்.

தென்காசி: துலிப்புக்கு வைரஸ்ங்கீக, அந்திமந்தாரைக்கு இல்லைங்கீக. மாத்திப் பேசுதீகளே?

மாற்றவில்லை. வரி, புள்ளி வருவதற்குப் பல வழி உண்டு. பெட்டூனியாவைப் பாருங்கள்: நட்சத்திரப் பட்டை போட்ட ரகத்தில், செடியே தன் நிறமி மரபணுவை அடக்கித்தான் வெள்ளைப் பட்டை உண்டாகிறது. வைரஸ் தொற்றினால் அந்த அடக்கல் முடங்கி, வெள்ளை இடத்தில் நிறம் திரும்பும். துலிப்பில் நிறம் போக்குகிற வைரஸ் நோய், பெட்டூனியாவில் நிறத்தைக் கொண்டுவருகிறது! பூவை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இலை சுருங்குகிறதா, பக்கத்துச் செடிக்கும் வருகிறதா என்று பாருங்கள்.

சுரண்டை: அப்போ வரிப்பூவைத் தனி ரகம்னு பெருக்கி வித்தா விலை கூடுமே?

மரபணுத் துண்டால் வந்த வரி என்றால் தாராளமாகச் செய்யலாம். வைரஸ் வரி என்றால் கூடவே கூடாது. நோயுள்ள கிழங்கு தலைமுறைக்குத் தலைமுறை இளைத்துக்கொண்டே போகும். செம்பர் அகஸ்டஸ் என்ற புகழ்பெற்ற வரித் துலிப் இன்று உலகில் எங்கும் இல்லை. நோய்ச்செடியிலிருந்து கிழங்கோ கம்போ கன்றோ எடுக்காதீர்கள்.

தென்காசி: என் தோட்டத்துல வரிச்செடி நல்லாத்தானே நிக்கி?

உங்கள் செடி நிற்கலாம். அதைக் குத்திய அசுவினி அடுத்த வயலுக்குப் பறக்கிறதே, அந்த வயல்காரருக்கு யார் பதில் சொல்வது?

சங்கரன்கோவில்: அசுவினிக்கு மருந்து அடிச்சா நின்னுருமா?

துலிப் வைரஸ் போன்றவற்றுக்கு நிற்காது. அசுவினி சில நொடி ருசி பார்த்தாலே வைரஸ் அதன் வாயில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த செடியில் சில நொடியில் இறங்கிவிடும். மருந்து அதைக் கொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

சேரன்மகாதேவி: தேமலுக்கு மருந்து சொல்லுங்க.

முதல் பதிலைப் படியுங்கள்.

ராதாபுரம்: தேமலுக்கு மோர் அடிக்கலாமா?

தேமல் விழுந்த செடியை எதுவும் குணமாக்காது. பிடுங்குங்கள், கன்று எடுக்காதீர்கள்.

பாவூர்சத்திரம்: செவ்வந்தி குட்டையா நிக்கி, தேமல் இல்ல.

வைராய்டாக இருக்கலாம். ஏறத்தாழ 355 எழுத்துள்ள வட்ட ஆர்.என்.ஏ.; புரதம் ஒன்றுகூடச் செய்யாது, வெறும் ஆர்.என்.ஏ.வை வைத்தே செடியைக் குறுக்கிவிடும். ஆர்.என்.ஏ.வைக் கண்டறியும் ஆர்.டி.-பி.சி.ஆர். என்ற ஆய்வகச் சோதனையில்தான் உறுதியாகும். இது கத்தியில் பரவும். ஒவ்வொரு செடிக்கும் நடுவே கத்தியை, அன்றன்று கலக்கிய பிளீச்சிங் கரைசலில் முக்கி எடுங்கள்.