ஒரு வருடத் தானியத்தை வீட்டில் அடைத்து வைப்பது முதலீடா?

கேள்வி: வீட்டில் நாங்கள் நான்கு பேர். அவசரத் தேவைக்கென்று ஐந்து மாதக் குடும்பச் செலவுக்கான பணம் ஃபிக்ஸட் டெபாசிட்டில் இருக்கிறது. அதில் இரண்டு மாதப் பணத்தை எடுத்து, ஒரு வருடத்துக்கான அரிசி, கோதுமை, பயறு வாங்கிக் காற்றுப்புகாத பைகளில் அடைத்துவிடலாம் என்கிறார் கணவர். முப்பது வருடம் கெடாது, விலை ஏறினால் அதுவே லாபம் என்கிறார். எனக்கோ அந்தப் பணத்தைத் தொடவே பயமாக இருக்கிறது. கொஞ்சம் மாவாகவும் வைக்கலாமா? என்ன செய்யட்டும்?

பதில்: டெபாசிட்டை உடைக்காதீர்கள். அதற்காகத் தானியம் வாங்கி வைக்கும் யோசனையையே கைவிடவும் வேண்டாம். கணவர் சொல்வதில் பாதி சரி. வெள்ளமோ வேலைநிறுத்தமோ வந்து கடைகள் பூட்டிக் கிடக்கும் வாரத்தில் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருந்தாலும் அடுப்பில் ஏற்ற அரிசி வேண்டும். வேலை போய்விட்டாலும் வீட்டில் இருக்கும் தானியம் மாதச் செலவைக் குறைத்து, கையிருப்புப் பணத்தைச் சில வாரம் கூடுதலாக ஓடவைக்கும். ஆனால் நள்ளிரவில் ஒருவரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் அரிசி மூட்டை முன்பணம் ஆகாது. பணம் ஒரு நொடியில் தானியமாகும், தானியம் திரும்பப் பணமாகாது. அவசர நிதியிலிருந்து எடுக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

லாபக் கணக்கைப் பார்ப்போம். ஒரு வருடத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கி, முதல் நாளிலிருந்தே எடுத்துச் சமைக்கிறீர்கள் என்றால், சில கிலோ மறுநாளே தீரும், சில கிலோ பன்னிரண்டு மாதம் கிடக்கும். சராசரியாக ஒரு கிலோ வீட்டில் இருப்பது ஆறு மாதம். வருடத்துக்கு 6 சதவீதம் விலை ஏறுவதாக வைத்துக்கொண்டால் உங்களுக்கு மிச்சம் 3 சதவீதம் மட்டுமே. அதே ஆறு மாதத்துக்கு அந்தப் பணம் வங்கியில் ஈட்டியிருக்கும் வட்டியைக் கழியுங்கள். பைகள், டப்பாக்கள் வாங்கிய செலவையும் கழியுங்கள். மீதி ஏதாவது இருந்தால், நூறு கிலோவுக்கு மூன்று கிலோவை வண்டு அரித்தாலே அதுவும் போயிற்று. மொத்தமாக வாங்குவதால் கிடைக்கும் தள்ளுபடி உண்மையான மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை முதலீடு என்று அழைக்க முடியாது. இது காப்பீடு. காப்பீட்டுக்குக் கொஞ்சம் செலவாகும், ஆகட்டும்.

பதற்றத்தில் வாங்குவது இன்னும் மோசம். 2008-ன் முதல் சில மாதங்களில் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறத்தாழ மூன்று மடங்கானது. பல நாடுகள் ஏற்றுமதியை நிறுத்தியதும், பயத்தில் அரசுகளும் வியாபாரிகளும் குடும்பங்களும் வாங்கிக் குவித்ததும் அதற்குப் பெரிய காரணங்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் விலை வெகுவாக இறங்கிவிட்டது. உச்சத்தில் வாங்கி அடைத்தவர்களுக்கு அந்த வித்தியாசம் முழுவதும் நஷ்டம். வாங்குவதென்றால் சந்தை அமைதியாக இருக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள்.

எவ்வளவு வேண்டும்? நிவாரணப் பணிகளில் ஒரு நபருக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோகலோரி என்று திட்டமிடுவது வழக்கம். 100 கிராம் அரிசியோ கோதுமையோ சுமார் 350 கிலோகலோரி தரும். ஆளுக்கு 400 கிராம் தானியம் என்றால் 1,400, தேவையில் மூன்றில் இரண்டு பங்கு. மீதியைப் பயறும் எண்ணெயும் சர்க்கரையும் நிரப்பும். நான்கு பேருக்கு 90 நாளைக்கு 144 கிலோ. ஒரு வருடத்துக்கு 584 கிலோ. உங்கள் வீட்டில் சாதாரணமாக நாளொன்றுக்கு ஒரு கிலோ செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 144 கிலோ ஐந்து மாதத்துக்குள் ஒரு சுற்று வந்துவிடும், எதுவும் பழசாகாது. 584 கிலோ சுற்றி வர ஒன்றரை வருடத்துக்கு மேலாகும். அதற்குள் எது எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோகும். அதனால் மூன்று மாதத்தோடு நிறுத்துங்கள். மாதந்தோறும் வழக்கமாக வாங்கும் தானியத்தோடு 12 கிலோ சேர்த்து வாங்கினால், பன்னிரண்டு மாதத்தில் மூன்று மாத இருப்பான 144 கிலோ சேர்ந்துவிடும். டெபாசிட்டையும் தொட வேண்டாம், கிரெடிட் கார்டையும் தேய்க்க வேண்டாம்.

அந்த முப்பது வருடக் கதைக்கு வருகிறேன். உலர்ந்த கோதுமையும் தீட்டிய வெள்ளை அரிசியும் ஆக்சிஜன் இல்லாத மூடிய கலனில், குளிர்ச்சியான இடத்தில் அவ்வளவு காலம் உண்ணத்தக்கதாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் தீட்டாத அரிசிக்கு அது பொருந்தாது. தவிட்டிலுள்ள எண்ணெய் ஆறு மாதத்தில் காறல் வாடை அடிக்க ஆரம்பிக்கும். பயறு கெடாமல் இருந்தாலும் வெப்பமான அறையில் வருடக்கணக்கில் கிடந்தால் வேகவே மறுக்கும், எரிபொருள் தட்டுப்பாட்டில் அதுவே பெரிய தொல்லை.

இரும்புத்தூள் அடங்கிய ஆக்சிஜன் உறிஞ்சிப் பொட்டலத்தைப் போட்டு மூடும்போது ஒரு ஆபத்தை அறிந்திருங்கள். ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள தானியத்தை அப்படி மூடக் கூடாது. காற்றில்லாத ஈரத்தில் வளரும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா கொடிய நஞ்சை உண்டாக்கக்கூடியது. கடையில் கிடைக்கும் அரிசியில் ஈரம் பெரும்பாலும் அதைவிட அதிகம். உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் ஒரு பிடி தானியமும் உலர்ந்த உப்பும் போட்டுக் குலுக்கிப் பார்ப்பார்கள். உப்பு புட்டியின் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று பொருள், அந்தத் தானியத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒட்டவில்லை என்பதால் 10-க்குக் கீழே இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. ஈரமானி இல்லாத வீட்டுக்கு, இறுக்கமாக மூடும் சாதாரண டப்பாவும் ஐந்து மாதச் சுழற்சியும் போதும். பூஞ்சை வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். அஃப்ளடாக்சின் நஞ்சு சமைத்தாலும் போகாது.

வண்டு வெளியிலிருந்து வருவதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். பெண் வண்டு தன் நீண்ட மூக்கால் அரிசியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, துளையைப் பசையால் அடைத்துவிடும். புழு மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, வெப்பமான அறையில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். நீங்கள் வாங்கும்போது பார்வைக்குச் சுத்தமாக இருந்த பை அதனால்தான் ஐந்தாவது வாரம் அசைகிறது. ஃப்ரீசரில் இடமிருந்தால் சிறு பொட்டலங்களாக, மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் வையுங்கள், முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் தானியத்தின் மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

டப்பாக்களைத் தரையிலிருந்து உயர்த்தி, சுவரில் ஒட்டாமல் அடுக்குங்கள். முடிந்தால் இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள், ஒரு ஒழுகல் எல்லாவற்றையும் நனைத்துவிடக் கூடாது. ஒவ்வொன்றிலும் வாங்கிய மாதத்தை எழுதி, பழையதை முன்னால் நிறுத்துங்கள். சமைக்கத் தண்ணீரும் எரிபொருளும் எத்தனை நாளைக்கு இருக்கிறது என்றும் பாருங்கள். பலர் 144 கிலோவைச் சேர்த்துவிட்டு ஒரே ஒரு சிலிண்டரோடு நிற்கிறார்கள். சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கு அதற்கும் போகட்டும்.

மாவாக வைக்க வேண்டாம். அரைத்ததும் எண்ணெய்ச்சத்து காற்றில் படுகிறது, முழுக்கோதுமை மாவு சில மாதத்திலேயே காறிவிடும். மணியாக வைத்துக்கொண்டு, கையால் சுற்றும் சிறு அரவை இயந்திரம் ஒன்று வாங்குங்கள். மின்சாரம் இல்லாத நாளிலும் அது அரைக்கும்.